ஆர்44 ரேவன் 2: இன்ஜின் நின்றால் என்ன செய்யும்?

ராபின்சன் நிறுவனத்தின் ஆர்44 ஹெலிகாப்டர் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வேகம், எரிபொருள் செலவு, பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்றுதான் எழுதுகிறார்கள். அதெல்லாம் எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கான கணக்கு. எனக்கு வேண்டியது வேறு கணக்கு. இன்ஜின் நின்றால், பெல்ட் விட்டுப்போனால், தரையில் ஸ்டார்ட் செய்யும்போதே தீப்பிடித்தால், இந்த இயந்திரம் பைலட்டுக்கு எவ்வளவு நேரம் தருகிறது, என்ன சொல்லி எச்சரிக்கிறது, எந்த இடத்தில் கொஞ்சமும் இரக்கம் காட்டாது? நான் பழகியதும் இப்போது பறப்பதும் ராபின்சன் இயந்திரங்களில்தான், அதனால் இந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் எழுதுகிறேன்.

என் தீர்ப்பு இது: இயந்திரக் கோளாறுகளைப் பொறுத்தவரை ஆர்44 மிக நேர்மையான ஹெலிகாப்டர், முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் பைலட்டின் கை தவறினால் மன்னிக்காது. வாங்க நினைப்பவரும் வாடகைக்கு எடுக்க நினைப்பவரும் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. ஃபிராங்க் ராபின்சன் 1973-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். இரண்டு சீட் ஆர்22-க்கு 1979-ல் சான்றிதழ் கிடைத்தது, நான்கு சீட் ஆர்44-க்கு 1992-ல். ஆர்44-ன் ஒரு வகையான ரேவன் 2-ல் இருப்பது லைகோமிங் ஐஓ-540 இன்ஜின், ஆறு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன். புறப்படும்போது ஐந்து நிமிடத்துக்கு 245 குதிரைத்திறன் வரை எடுக்கலாம், தொடர்ந்து ஓட்ட 205. இந்த இன்ஜினால் கொடுக்க முடிந்தது அதைவிட அதிகம், வேண்டுமென்றேதான் குறைத்து ஓட்டுகிறார்கள். இன்ஜின் நீண்ட நாள் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று வெளியாட்கள் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கலெக்டிவை (ரோட்டார் இறக்கைகளின் சாய்வை ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) உடனே இறக்கினால், கீழிருந்து மேலே ஏறும் காற்றே ரோட்டாரைச் சுழற்றும். இன்ஜினுக்கும் ரோட்டாருக்கும் நடுவில் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் ஒன்று இருப்பதால், நின்ற இன்ஜின் ரோட்டாரை இழுத்து நிறுத்தாது. இதுதான் ஆட்டோரொட்டேஷன். ஆர்44 இதை நன்றாகவே செய்கிறது. 70 நாட் வேகத்தில் நிலைப்படுத்தி, ரோட்டார் ஆர்.பி.எம்மை, அதாவது சுழற்சி வேகத்தை, 97-க்கும் 108 சதவீதத்துக்கும் நடுவில் வைத்து, காற்றுக்கு எதிராகத் திருப்பி, ஏறக்குறைய 40 அடி உயரத்தில் சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கோலை) பின்னால் இழுத்து வேகத்தைக் கொன்று, 8 அடியில் மூக்கைச் சமப்படுத்தி, தரை தொடும் முன் மிச்சமிருக்கும் சுழற்சியை எல்லாம் கலெக்டிவால் செலவழித்து உட்கார வைக்க வேண்டும். பறப்புக் கையேடு சொல்லும் முறை இதுதான். ஒழுங்காகச் செய்தால் சறுக்குக் கால்கள் புல்லில் இரண்டு மூன்று அடி உரசி நிற்கும், அவ்வளவுதான்.

தொலைவில் உள்ள இடத்தை எட்ட வேண்டுமா, வேகத்தை 90 நாட்டுக்கு ஏற்றி ஆர்.பி.எம்மை 90 சதவீதத்துக்கு விட்டால் 1300 அடி உயரத்துக்கு ஒரு கடல் மைல் போகலாம், அதாவது 4.7-க்கு 1. விமானத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டாம், ஒரு சின்ன மைதானம் போதும், அதனால் கணக்கு சரியாகிவிடுகிறது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 500 அடிக்குக் கீழே வந்ததும் ஆர்.பி.எம் திரும்ப 97-க்கு மேலே வந்திருக்க வேண்டும். 90-லேயே கீழே வந்தால் கடைசியில் குஷன் கொடுக்க ரோட்டாரில் ஒன்றும் இருக்காது.

இதில் எனக்குப் பிடித்தது, இன்ஜின் நின்றதை இயந்திரம் எப்படிச் சொல்கிறது என்பதுதான். சத்தம் மாறும், மூக்கு இடதுபக்கம் வெடுக்கென்று திரும்பும். மேலிருந்து பார்த்தால் ஆர்44-ன் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதற்கு எதிராக நாம் கொடுத்துவைத்திருந்த இடது பெடல் திடீரென்று அதிகமாகிப் போகிறது. மாறாக, வால் ரோட்டார் போய்விட்டால் மூக்கு வலதுபக்கம் திரும்பும். இந்த இடது-வலது வித்தியாசம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும், ஏனென்றால் மீட்டர்களைப் பார்த்து முடிவெடுக்கும் நேரத்துக்குள் ரோட்டார் வேகம் குறைய ஆரம்பித்துவிடும். ஆர்22-ல் அந்த அவகாசம் இன்னும் குறைவு, ரோட்டார் இலேசானது, சட்டென்று சுழற்சி இழக்கும். ஆர்44-ன் இறக்கைகள் கனமானவை, ஒரு மூச்சு கூடுதலாகக் கிடைக்கும். ஆர்22-லிருந்து ஆர்44-க்கு மாறியவர்கள் முதல் ஆட்டோரொட்டேஷனிலேயே அதை உணர்ந்துவிடுவார்கள்.

அப்புறம் ஹார்ன். ரோட்டார் 97 சதவீதத்துக்கு வந்ததும் விளக்கு எரியும், ஹார்ன் அலறும். தூங்கினவனையும் எழுப்பும் சத்தம். ஆனால் கலெக்டிவை முழுவதும் இறக்கியதும் ஹார்ன் நின்றுவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு இது ஒரு பொறி. ஹார்ன் நின்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார்கள், ஆர்.பி.எம் மீட்டரில் முள் இன்னும் கீழேதான் இருக்கும். கையேட்டில் இது எழுதியிருக்கிறது, ஆனால் பயிற்சியின்போது நேரில் காட்டினால்தான் மண்டையில் ஏறுகிறது.

குறைந்த ஆர்.பி.எம் விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ராபின்சனில் உயிர் போகும் இடங்களில் இது முதன்மையானது. நிறுவனமே ஒரு பாதுகாப்பு அறிவிப்பில் எழுதியிருக்கும் கணக்கு: 80 சதவீதத்தோடு, ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு சதவீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழே போனால் இறக்கைகள் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும் ஆபத்து உண்டு. ஸ்டால் ஆன ரோட்டார் திரும்ப வராது. கீழே விழ விழ இறக்கையில் மோதும் காற்றின் கோணம் இன்னும் கூடும், எதிர்ப்பு கூடும், சுழற்சி இன்னும் குறையும். இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் இன்ஜின் இல்லை, மனுஷ சுபாவம்தான். பாரம் அதிகம், வெயில் அதிகம், உயரம் அதிகம், ஹோவரில் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது) ஹெலிகாப்டர் கீழே இறங்குகிறது, கை தன்னால் கலெக்டிவை மேலே இழுக்கிறது. செய்ய வேண்டியது நேர் எதிர்: த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டும் கைப்பிடியை) திருகிக்கொண்டே கலெக்டிவை இறக்க வேண்டும், முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் சைக்ளிக்கைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். தரை நெருங்கிவரும் நேரத்தில் கலெக்டிவை இறக்க மனசு வராது. அதனால்தான் பயிற்சி.

ஆர்.பி.எம்மைத் தானாகச் சீராக வைக்கும் கவர்னர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் கவர்னர்தான் த்ராட்டிலைப் பார்த்துக்கொள்கிறது, அருமையான சாதனம்தான். ஆனால் த்ராட்டில் ஏற்கெனவே முழுவதும் திறந்திருந்தால் அது என்ன செய்யும்? இல்லாத சக்தியைக் கொண்டுவர அதனால் முடியாது. கவர்னரே கோளாறாகி ஆர்.பி.எம்மைத் தாறுமாறாக ஏற்றி இறக்கினால், த்ராட்டிலை அழுத்திப் பிடித்து அதை மீறலாம், பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டலாம். நான் வாடகைக்கு எடுக்கும் இடங்களில் கவர்னர் இல்லாமல் பறந்து எவ்வளவு நாளாகிறது என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்வேன், தேவையென்றால் ஒரு ரவுண்டு அதை மட்டும் பழகிவிட்டுத்தான் பயணிகளை ஏற்றுவேன்.

கார்பரேட்டர் உள்ள ரேவன் 1-ல் கவர்னரால் இன்னொரு சிக்கல் உண்டு. கார்பரேட்டரில் பனி கட்ட ஆரம்பித்தால் சக்தி குறைய வேண்டும், ஆனால் கவர்னர் சத்தமில்லாமல் த்ராட்டிலைத் திறந்து அதை ஈடுகட்டிவிடும், பைலட்டுக்குத் தெரியவே தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ரேவன் 2-ல் கார்பரேட்டரே இல்லை, அதனால் இந்தக் கவலையும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ரேவன் 2 பக்கம்.

எச்சரிக்கை விளக்குகளின் வரிசை இந்த இயந்திரத்தின் பெரிய பலம். எது எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையேடு இரண்டே வகையாகப் பிரித்திருக்கிறது: உடனே இறங்கு, அல்லது முடிந்தவரை சீக்கிரம் இறங்கு. முதலாவது, பக்கத்தில் எங்கே பாதுகாப்பாக இறங்க முடியுமோ அங்கே, ஆட்டோரொட்டேஷனுக்குத் தயாராக. இரண்டாவது, பழுது பார்க்க வசதியுள்ள பக்கத்து விமான தளம். மெயின் கியர்பாக்ஸ் சிப் விளக்கு (உள்ளே உலோகத் துகள் சேர்ந்தால் எரிவது) எரிந்தால், கூடவே சத்தமோ அதிர்வோ சூடோ இருந்தால் முதல் வகை, தனியாக எரிந்தால் இரண்டாம் வகை. புது கியர்பாக்ஸில் மெல்லிய உலோகத் தூளால்கூட அது எரியலாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். எரிபொருள் குறைவு விளக்கு எரிந்தால் மிச்சம் ஏறக்குறைய 3 கேலன், சாதாரண வேகத்தில் பத்து நிமிடம். விளக்கு வரும்வரை பறப்பதே தப்பு என்பது வேறு விஷயம்.

கிளட்ச் விளக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு இயந்திரங்களில் பழகி வருபவர்கள் இதை அலட்சியமாக விடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினிலிருந்து ரோட்டாருக்குச் சக்தி வி-பெல்ட்கள் வழியாகப் போகிறது. ஒரு மின் மோட்டார் மேல் சக்கரத்தை உயர்த்தி அந்தப் பெல்ட்களை இறுக்குகிறது, மோட்டார் ஓடும்போதெல்லாம் விளக்கு எரியும். பெல்ட் சூடாகிக் கொஞ்சம் நீளும்போது பறக்கும்போதே விளக்கு மின்னி அணைவது சாதாரணம்தான். ஆனால் 10 விநாடிக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தால், கிளட்ச் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, முடிந்தவரை சீக்கிரம் இறங்க வேண்டும், கோளாறின் வேறு அறிகுறியும் இருந்தால் சக்தியைக் குறைத்து உடனே இறங்க வேண்டும். பெல்ட் தளர்ந்துகொண்டே போகிறது, அல்லது தாங்கி (பேரிங்) உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விளக்கு எரிந்த கணத்தில் நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவேன், மனசுக்குள் எண்ணினால் பதட்டத்தில் விநாடிகள் நீளமும் குட்டையுமாகும். அந்தப் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹைட்ராலிக்ஸ் இன்னொரு நல்ல யோசனை. பம்ப்பை இன்ஜின் ஓட்டவில்லை, மெயின் கியர்பாக்ஸ் ஓட்டுகிறது. அதனால் இன்ஜின் நின்றாலும் ஆட்டோரொட்டேஷனில் கட்டுப்பாடுகள் இலகுவாகவே இருக்கும். ஹைட்ராலிக்ஸே போய்விட்டால் சைக்ளிக் கனமாகிவிடும், வேகத்தைச் சரிசெய்து, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, சரியாகாவிட்டால் அணைத்துவிட்டுப் போய் இறங்கலாம். நேராகப் பறப்பதில் சிரமம் இல்லை, ஹோவரில்தான் தோள் வலிக்கும்.

மின்சாரத் தீ வந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் அணைக்க வேண்டும். இன்ஜின் நிற்காது, மேக்னெட்டோக்கள் தாமே மின்சாரம் தயாரிக்கின்றன. ஆர்.பி.எம் மீட்டர்களுக்குத் தனிச் சுற்று வைத்திருப்பதால் அவையும் வேலை செய்யும். ஆனால் குறைந்த ஆர்.பி.எம் ஹார்னும் கவர்னரும் அந்த நேரத்தில் இருக்காது. த்ராட்டில் நம் கையில், எச்சரிக்கை நம் கண்ணில். கையேட்டில் இதைத் தனியாக எச்சரித்து எழுதியதற்கு நன்றி.

வால் ரோட்டார் போனால்? பறந்துகொண்டிருந்தால் உடனே ஆட்டோரொட்டேஷன், 70 நாட்டுக்குக் குறையாமல், இடம் பார்த்து, த்ராட்டிலை ஐடிலுக்கும் (இன்ஜின் சும்மா ஓடும் நிலைக்கும்) கீழே மூடிவிட்டு இறங்க வேண்டும். ஹோவரில் என்றால் அதே த்ராட்டில், அதே நொடியில், நேராகக் கீழே. இதில் யோசிக்க நேரமே இல்லை.

இனி இரக்கமே இல்லாத இடம். இரண்டு இறக்கை, ஊசலாடும் வகை ரோட்டார் என்பதால், சைக்ளிக்கை முன்னால் தள்ளி உடம்பு மிதப்பது போன்ற நிலைக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்தக் கணத்தில் ரோட்டார் உடலைத் தூக்கிக்கொண்டிருக்கவில்லை, ஆனால் வால் ரோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஹெலிகாப்டர் வலப்பக்கம் உருளும். யாராக இருந்தாலும் கை இடப்பக்கம் போகும். ரோட்டார் மட்டும் சாயும், உடல் கூட வராது, ரோட்டாரின் நடுப்பகுதி மாஸ்ட்டில், அதாவது அதைச் சுழற்றும் தண்டில் மோதும், முடிந்தது. முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்து ரோட்டாருக்குப் பாரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், பிறகுதான் இடப்பக்கம். இதைப் பறந்து பழக முடியாது, தடை செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1995-லேயே ராபின்சன் பைலட்டுகளுக்கென்று தனிப் பயிற்சி விதிகள் வந்ததற்கும், 2016-ல் நியூசிலாந்தின் விபத்து விசாரணை ஆணையம் ராபின்சன்களைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததற்கும் பின்னால் இருப்பது இந்த மாஸ்ட் மோதல்தான். நிறுவனம் இப்போது வாலில் சமச்சீரான நிலைப்படுத்தியைப் பொருத்துகிறது, வலப்பக்கம் உருளும் போக்கை அது குறைக்கிறது. நல்ல மாற்றம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். பலத்த, குலுக்கும் காற்றில் வேகத்தைக் குறைப்பதும், சந்தேகமிருந்தால் கிளம்பாமலே இருப்பதும்தான் இதற்கு உண்மையான மருந்து. ஹெலிகாப்டருக்கு வரும் விமானப் பைலட்டுகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், விமானத்தில் மூக்கைத் தள்ளிப் பழகிய கை சீக்கிரம் மாறாது.

தரையில் நடப்பவற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பக்கம் தீ தெரிந்தால் முதல் எண்ணம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடுவதுதான். கையேடு சொல்வது வேறு: ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுற்ற வேண்டும், தீயும் மிஞ்சிய எரிபொருளும் இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் 50-60 சதவீதத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அணைக்க வேண்டும். ஆகவில்லையென்றால் எரிபொருள் வால்வையும் பேட்டரியையும் அணைத்து, இறங்கி, அணைப்பானோ கம்பளியோ மண்ணோ எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்த வேண்டும். இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லத் தெரிந்தவர்கள்கூட சீட்டில் உட்கார்ந்து கையால் தொட்டுச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜின் அணைந்த நிலையில், ஹேங்கரிலேயே, வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழ்), பேட்டரி என்று வரிசையாகத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு சொட்டு எரிபொருளும் செலவில்லை.

கிளட்ச் சுவிட்சைப் போட்டதும் 5 விநாடிக்குள் இறக்கைகள் நகர வேண்டும், நகராவிட்டால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஸ்டார்ட்டர் பட்டனை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் விளக்கு எரிந்தால் உடனே மிக்ஸ்சரை இழுத்து பேட்டரியை அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பைலட் சீட்டை விட்டு இறங்கவே கூடாது, ஒரு நிமிடம் கூட, பயணியின் கதவைச் சாத்தக்கூட. கிளம்பும்போது ஒரு சறுக்குக் கால் எதிலாவது மாட்டினால் ஹெலிகாப்டர் அந்தக் காலைச் சுற்றிக் கவிழ ஆரம்பிக்கும், சைக்ளிக்கால் நிமிர்த்தப் பார்ப்பதைவிட கலெக்டிவை இறக்குவதுதான் காப்பாற்றும்.

பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை மூடி மாணவனைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ராபின்சனே இதை வேண்டாம் என்கிறது, உண்மையான இன்ஜின் கோளாறுகள் அரிது, அதற்காகப் பழகும்போது நொறுங்கும் ஹெலிகாப்டர்கள்தான் ஏராளம் என்று தன் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. எனக்குக் கிடைத்த நல்ல பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லி, மெதுவாக மூடி, நூறடிக்கு முன்பே ஆர்.பி.எம், வேகம், இறங்கும் கோணம் மூன்றும் சரியில்லையென்றால் உடனே சக்தியைச் சேர்த்து மேலேற வைப்பார். "முதல்ல கைய இறக்குப்பா, அப்புறம் என்னாச்சுன்னு பாத்துக்கலாம்" என்பதை அவர் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்வார். அப்படிச் சொல்லித் தரும் இடம் கிடைத்தால் தூரம் பார்க்காமல் போகலாம்.

யாருக்கு இது பொருந்தும்? மாதம் தவறாமல் பறப்பவருக்கு, வருஷத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியாளரோடு உட்கார்ந்து இந்த அவசர முறைகளை எல்லாம் திரும்பச் செய்பவருக்கு, தாராளமாகப் பொருந்தும். எப்போதாவது ஒரு ஞாயிறு மட்டும் எடுத்துப் பறக்க நினைப்பவருக்கு வேண்டாம் என்பேன், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் ஒழிய. பழைய ஆர்44 வாங்குபவர் விலை பேசுவதற்கு முன்னால் எரிபொருள் டேங்கைக் கேட்க வேண்டும். முன்பு வந்தவற்றில் வெறும் அலுமினிய டேங்க், உயிர் பிழைக்கக்கூடிய விபத்துகளில்கூட டேங்க் கிழிந்து தீப்பிடித்து ஆட்கள் போனார்கள். அதனால்தான் உள்ளே ரப்பர் பை கொண்ட டேங்க் வந்தது, பழையவற்றிலும் மாற்றச் சொல்லி 2010 டிசம்பரில் நிறுவனம் சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டது, எண் 78. பராமரிப்புப் பதிவேட்டில் அந்த வேலை நடந்ததற்கான பதிவும் மெக்கானிக்கின் கையெழுத்தும் இருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஹெலிகாப்டரில் ஏறவே வேண்டாம்.